இருபத்தோரு இலக்கத்து எண் ஒன்றின் கதை



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "விடுதி நினைவு, கேன்டீன் நினைவு எல்லாம் நிறைய வந்திருச்சுப்பா. நீ கணக்கு மேஜர்தானே, வேற மாதிரி ஏதாவது எழுது" என்றார் நண்பர். ஆகவே கேன்டீன் வடையை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, நாற்பது வருஷத்துக்கும் மேலாக என் கூடவே இருந்துவரும் ஓர் எண்ணின் வரலாற்றை எழுதுகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பெருக்கலும் கழித்தலும் தெரிந்திருந்தால் போதும்.

அந்த எண் இதுதான்:

147573952589676412927

நம் முறையில் புள்ளி வைத்தால் 14,75,73,95,25,89,67,64,12,927. வாயால் சொல்வதென்றால் ஏறக்குறைய பதினாலே முக்கால் லட்சம் கோடி கோடி.

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டத்துக்கும் கேட்டு அரசனை அசரவைத்தவன் கதை நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பலகையில் இன்னும் மூன்று கட்டம் கூடுதலாக இருந்து, 67 கட்டத்துக்கும் அதே கணக்கில் நெல் வைத்தால் மொத்தம் எவ்வளவு வருமோ, அதுதான் இந்த எண். கணக்குப் பாஷையில் 2⁶⁷ − 1. அதாவது 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழிக்க வேண்டும்.

எங்கள் வகுப்பில்

1980-ஆம் வருஷம். நான் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு. எங்களுக்கு எண் கோட்பாடு எடுத்த பேராசிரியரின் பெயரைப் போட்டால், "என்னைப் பத்தியெல்லாம் எதுக்குப்பா எழுதறே" என்றுதான் சொல்லியிருப்பார். அதனால் சார் என்றே குறிப்பிடுகிறேன். கணிதத் துறை மாணவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும்.

ஒரு நாள் காலை முதல் பீரியட். சார் வந்தார். அட்டெண்டன்ஸ் எடுக்கவில்லை. 'குட்மார்னிங் சார்' என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையின் இடது ஓரத்தில் 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனார். கடைசியில் 2⁶⁷ வந்ததும் ஒன்றைக் கழித்து, விடையின் கீழே ஒரு கோடு போட்டார். பிறகு வலது பக்கம் நகர்ந்து,

761838257287 × 193707721

என்று எழுதி, நாம் ஐந்தாம் வகுப்பில் போட்டது போலவே வரி வரியாகப் பெருக்க ஆரம்பித்தார். பின்பெஞ்சில் முதலில் சிரிப்பு. அப்புறம் அதுவும் அடங்கிவிட்டது. கூட்டி முடித்து விடையை எழுதினார். இடது பக்கம் இருந்த அதே இருபத்தோரு இலக்கம். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மணி அடித்தது. போகும்போது சொன்ன ஒரே வாக்கியம்: "நான் போட்டது சரியான்னு வீட்ல போட்டுப் பாருங்க."

மறுநாள்தான் கதையைச் சொன்னார்.

துறவி சொன்ன பட்டியல்

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண் பகா எண். 2, 3, 5, 7, 11 என்று போகும் வரிசை. மற்றவை பகு எண்கள். அவற்றைச் சிறிய எண்களின் பெருக்கலாக உடைத்துக் காட்டலாம். அப்படி உடைந்து வரும் துண்டுகள் காரணிகள்.

2-இன் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் சில சமயம் பகா எண் கிடைக்கிறது. 2² − 1 என்பது 3. 2³ − 1 என்பது 7. 2⁵ − 1 என்பது 31. 2⁷ − 1 என்பது 127. எல்லாமே பகா எண்கள். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்ணாகிவிடும் போலிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் 2¹¹ − 1 என்பது 2047. அது 23 × 89. இது 1536-லேயே அச்சில் வந்துவிட்டது.

இவற்றின்மேல் ஏன் இவ்வளவு ஆசை என்றால், காரணம் யூக்ளிட். 6-ஐ வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3, கூட்டினால் 6. 28-க்கும் அப்படியே: 1, 2, 4, 7, 14. இத்தகைய எண்களை நிறைவெண்கள் என்பார்கள். 2-இன் அடுக்கில் ஒன்று கழித்து ஒரு பகா எண் கிடைக்கும்போதெல்லாம் அதைக்கொண்டு ஒரு நிறைவெண் செய்யலாம் என்று யூக்ளிட் கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பே நிரூபித்துவிட்டார்.

இங்கேதான் மாரின் மெர்சென் வருகிறார். 1588-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். பாரிஸில் மினிம் சபையைச் சேர்ந்த துறவி. விஞ்ஞானப் பத்திரிகைகள் இல்லாத அந்தக் காலத்தில் தெகார்த், ஃபெர்மா போன்றவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, ஒருவர் கண்டதை மற்றவருக்குத் தெரிவித்தவர். ஐரோப்பாவின் கணித தபால் ஆபீஸ் என்றே சொல்லலாம்.

1644-இல் வெளியிட்ட ஒரு நூலின் முன்னுரையில் அவர் ஒரு பட்டியல் கொடுத்தார். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றுக்கு மட்டுமே பகா எண் கிடைக்கும், மற்றதற்கெல்லாம் கிடைக்காது என்பது அவர் கூற்று. நம் எண்ணுக்குரிய 67 அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள்.

19 வரையிலானவை முன்பே தெரிந்தவை. 31-க்கு உரிய 2147483647 பகா எண்தான் என்று ஆய்லர் 1772-இல் உறுதி செய்தார். அதற்கே 128 வருஷம். மெர்சென் 67-ஐ எப்படிச் சோதித்தார்? சோதித்திருக்க முடியாது. பதினைந்து, இருபது இலக்க எண் ஒன்று பகா எண்ணா என்று பார்க்கக் காலமெல்லாம் போதாது என்ற கருத்தில் அவரே எழுதியிருக்கிறார். நம் எண்ணுக்கோ இருபத்தோரு இலக்கம். ஆனாலும் பட்டியல் நின்றது. சொன்னவர் பெரியவர்; மறுக்க வேண்டுமென்றால் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். அதற்கு யாருக்கும் வழி தெரியவில்லை. அந்த எண்களுக்கே மெர்சென் எண்கள் என்று பெயர் வந்துவிட்டது.

உடையும், ஆனால் எங்கே?

232 வருஷம் கழித்து, 1876-இல், எதுவார் லூகாஸ் என்ற பிரெஞ்சுக் கணித ஆசிரியர் 67-க்குரிய எண் பகா எண் அல்ல என்று காட்டினார். இதில் ஒரு விசித்திரம் உண்டு. அது உடையும் என்று நிரூபித்தாரே தவிர, எந்தத் துண்டுகளாக உடையும் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"அதெப்படி சார், காரணியே தெரியாம பகா எண் இல்லேன்னு சொல்ல முடியும்?" என்று நான்தான் எழுந்து கேட்டேன். சார் 31-ஐ வைத்து விளக்கினார். நீங்களும் போட்டுப் பாருங்கள். 4-இல் ஆரம்பியுங்கள். வர்க்கம் செய்து 2 கழியுங்கள்: 14. மறுபடி வர்க்கம், 2 கழித்தல்: 194. பெரிதாகிவிட்டதால் 31-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: 8. இன்னொரு முறை: 64 − 2 = 62. இது 31-ஆல் மீதி இல்லாமல் வகுபடுகிறது. அடுக்கு 5, அதில் 2 குறைத்து மூன்று முறை செய்தோம். கடைசியில் மீதி பூஜ்யம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். 2047-க்கு இதே மாதிரி ஒன்பது முறை செய்தால் பூஜ்யம் வராது. இந்த எளிய வடிவத்தை 1930-களில் அமெரிக்கர் லெஹ்மர் சீராக்கித் தந்தார். மூல யோசனை லூகாஸினுடையது.

67-க்கு இதை 65 முறை செய்ய வேண்டும். சிரமம்தான், ஆனால் மனிதனால் ஆகிற காரியம். முடிவில் பூஜ்யம் வரவில்லை என்றால் எண் உடையும் என்று நிச்சயம். பூட்டிய அறைக்குள் ஆள் இருப்பது தெரிந்துவிட்டது. ஆள் யாரென்று தெரியவில்லை. 1876 முதல் இருபத்தேழு வருஷம் நம் எண் அந்த நிலையில்தான் இருந்தது.

1903, நியூயார்க்

ஃபிராங்க் நெல்சன் கோல் 1861-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் படித்தார். ஜெர்மனிக்குப் போய் ஃபெலிக்ஸ் கிளைனிடம் பாடம் கேட்டார். 1895 முதல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் செயலாளராக 1896 முதல் 1920 வரை இருபத்துநான்கு வருஷம் கடிதம், கணக்கு, கூட்ட அறிக்கை எல்லாம் பார்த்தவர். நம் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

1903 அக்டோபர் 31, சனிக்கிழமை. சங்கத்தின் நியூயார்க் கூட்டத்தில் பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றி அவருடைய கட்டுரை நிகழ்ச்சி நிரலில் இருந்தது. எரிக் டெம்பிள் பெல் என்ற கணிதப் பேராசிரியர் சொல்லும் கதைப்படி, கோல் ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகைக்குப் போனார், 2-இன் 67-ஆம் அடுக்கைக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்தார், பக்கத்தில் இரண்டு எண்களைப் பெருக்கினார், இரு விடையும் ஒன்றாக வந்ததும் போய் உட்கார்ந்துவிட்டார். சபை கைதட்டியது. யாரும் கேள்வி கேட்கவில்லை. பிற்பாடு 1911-இல், இதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று பெல் கேட்டபோது, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல்.

எங்கள் சார் முதல் நாள் செய்து காட்டியது இந்தக் காட்சியைத்தான்.

மூன்று வருஷத்து ஞாயிறு என்றால் சுமார் 156 நாள். அதில் என்ன செய்திருப்பார்? சின்ன எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்திருந்தால் முடிந்திருக்காது. இதற்கு ஒரு குறுக்கு வழி ஃபெர்மா காலத்திலிருந்தே தெரியும். நம் எண்ணுக்குக் காரணி இருந்தால், அது 134-இன் ஏதோ ஒரு மடங்கோடு 1 சேர்த்ததாகத்தான் இருக்க முடியும். 134 என்பது 67-இன் இரு மடங்கு. 193707721-ஐப் பாருங்கள்: 134 × 1445580 + 1. அதாவது அந்த வரிசையில் அது 14,45,580-ஆவது ஆள். இன்னொரு விதியைக்கொண்டு பாதியைத் தள்ளிவிடலாம். அப்புறமும் ஏழேகால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். ஒரு வகுத்தலுக்கு ஒரு நிமிஷம், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தாலே 1,500 ஞாயிறுக்கு மேல் ஆகும். இருபத்தொன்பது வருஷம்! மேலும், இருபத்தோரு இலக்க எண்ணை ஒன்பது இலக்க எண்ணால் ஒரு நிமிஷத்தில் வகுத்துவிடுகிறவரை நான் பார்த்ததில்லை.

கோல் வேறு பக்கமாக வந்தார். இரண்டு காரணிகளைத் தேடுவதற்குப் பதில் அவற்றின் கூட்டுத்தொகையில் பாதியைத் தேடினார். அந்தப் பாதியின் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்தால் வருவதும் ஒரு முழு வர்க்கமாக இருக்க வேண்டும். வர்க்க எண்களுக்கு ஒரு குணம் உண்டு. எந்த வர்க்கத்தை 3-ஆல் வகுத்தாலும் மீதி 0 அல்லது 1. ஒருபோதும் 2 வராது. நம் எண்ணை 3-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே அந்தப் பாதித்தொகை 3-இன் மடங்காக இருந்தால் கழித்த பின் மீதி 2 வந்துவிடும், அது நடக்காது. 3-இன் மடங்குகள் எல்லாம் ஒரே அடியில் தள்ளுபடி. இப்படியே 5, 7, 13 என்று ஒவ்வொன்றாக வடிகட்டினால் வலை சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில், அந்தப் பாதித்தொகையை 1323536760-ஆல் வகுத்தால் மீதி 1160932384 வரவேண்டும் என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு சில நூறு எண்களைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. 1323536760-இன் 287-ஆவது மடங்கோடு அந்த மீதியைச் சேர்த்தபோது பூட்டு திறந்துகொண்டது. தொகை 381015982504. அதிலிருந்து இரண்டு காரணிகளும் வந்துவிட்டன.

கணிதத் துறையில் இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் இதையும் சரிபார்க்கலாம். 381015982504-இன் வர்க்கத்திலிருந்து 380822274783-இன் வர்க்கத்தைக் கழித்தால் நம் எண் வரும். இரண்டையும் கூட்டினால் ஒரு காரணி, கழித்தால் இன்னொன்று.

நான் செய்த தப்பு

சார் சொன்னபடி அன்று இரவு விடுதி அறையில் உட்கார்ந்து பெருக்கினேன். 193707721-இல் மூன்று இடத்தில் 7 வருகிறது. 761838257287-ஐ 7-ஆல் பெருக்கினால் 5332867801009. அதே வரியை மூன்று முறை இடம் மாற்றி எழுதினால் போதும் என்று கண்டுபிடித்து எனக்கே என்னை மெச்சிக்கொண்டேன். விடை வந்தது. கரும்பலகையில் இருந்தது வரவில்லை. 1475 என்று தொடங்க வேண்டியது 1476 என்று தொடங்கியது, இலக்கமும் இருபதுதான்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த 9 சோதனையைப் போட்டேன். 193707721-இன் இலக்கங்களைக் கூட்டினால் 37, மறுபடி கூட்டினால் 10, மறுபடி 1. மற்றதற்கு 64, 10, 1. ஒன்றையும் ஒன்றையும் பெருக்கினால் ஒன்று. என் விடைக்கும் ஒன்றுதான் வந்தது. அப்படியானால் பெருக்கல் சரி, சார்தான் எங்கேயோ தப்பு செய்திருக்கிறார்! தூக்கம் வரவில்லை. காலையில் துறை வாசலிலேயே காத்திருந்து, "சார், 9 சோதனை சரியா வருது, ஆனா உங்க விடை வரலை" என்று நோட்டை நீட்டினேன். சார் கோபப்படவில்லை. ஒரு நிமிஷம் பார்த்தார். விரலை ஓர் இடத்தில் வைத்தார்.

"நடுவுல ஒரு பூஜ்யம் இருந்துதே, அது எங்கேப்பா?"

193707721-இல் 7-க்கும் 7-க்கும் நடுவே பூஜ்யம். பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம்தானே என்று அந்த வரியை விட்டுவிட்டேன். சரி. ஆனால் அடுத்த வரியை ஓரிடம் கூடுதலாகத் தள்ளி எழுத மறந்துவிட்டேன். 9 சோதனை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? ஓரிடம் தள்ளுவது பத்தால் பெருக்குவது. பத்தை 9-ஆல் வகுத்தால் மீதி ஒன்று. ஆகவே இடம் மாறியதை அந்தச் சோதனையால் கண்டுபிடிக்கவே முடியாது. "சோதனை தேறலைன்னா தப்பு நிச்சயம். தேறிட்டா சரின்னு நிச்சயம் இல்லே" என்றார்.

பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் நான் வங்கியில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் வராத காலத்தில் சாயங்காலம் கணக்கு டேலி ஆகாமல் உட்கார்ந்திருப்போம். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், யாரோ 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம் என்று அந்தப் பக்கமாகத் தேடுவோம். டேலி ஆன நாளிலும் ஒருவருக்குப் போட வேண்டியதை இன்னொருவர் கணக்கில் போட்டிருந்தால் தெரியாது. அதனால் டேலி ஆனபிறகும் ஒரு முறை வவுச்சர்களைப் புரட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். அந்தப் பூஜ்யத்தை அவர்கள் பார்த்ததில்லையே!

கதையைச் சரிபார்த்தால்

ரிடையர் ஆன பிறகு ஓய்வு கிடைத்தது. நம் எண்ணின் கதையையே ஒரு முறை புரட்டிப் பார்ப்போமே என்று தோன்றியது. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. மௌனமாகப் பெருக்கியது, கைதட்டல், மூன்று வருஷத்து ஞாயிறு எல்லாமே பெல் 1951-இல் வெளியிட்ட நூலிலிருந்து பரவியவை. கூட்டம் நடந்து 48 வருஷம் கழித்து வந்த நூல். 1903 அக்டோபரில் பெல் நியூயார்க்கிலேயே இல்லை; தேசத்தின் மறுகோடியில், கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டில் மாணவராக இருந்தார். கொலம்பியாவுக்கு வந்து அவர் டாக்டர் பட்டம் வாங்கியது 1912-இல்தான். கதையைச் சுவையாகச் சொல்வதில் அவர் வல்லவர், கொஞ்சம் மசாலா சேர்ப்பார் என்பது வரலாற்றாசிரியர்கள் அறிந்த விஷயம்.

முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சார் அந்தக் காட்சியை அப்படி நடித்துக் காட்டினாரே! பிறகு யோசித்தேன். கூட்டம் நடந்தது உண்மை. கோலின் கட்டுரை அந்த வருஷம் டிசம்பரில் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது உண்மை. நான் மேலே சொன்ன 287-ஆவது மடங்கு வரை அதில் இருக்கிறது. கைதட்டினார்களா, எத்தனை ஞாயிறு என்பதற்கு மட்டும் பெல் சொன்னதைத் தவிர நம்மிடம் வேறு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெருக்கலுக்கு யார் சாட்சியும் வேண்டாம். மெர்சென் சொன்னாலும், பெல் சொன்னாலும், எங்கள் சார் சொன்னாலும், கையில் பென்சிலும் ஒரு தாளும் இருந்தால் நாமே தெரிந்துகொள்ளலாம்.

மெர்சென் பட்டியலின் மற்ற கதியையும் சொல்லிவிடுகிறேன். 1883-இல் பெர்வுஷின் என்ற ரஷ்யப் பாதிரியார், பட்டியலில் இல்லாத 61-க்குப் பகா எண் கிடைக்கும் என்று காட்டினார். 61 என்பதைத்தான் அச்சில் 67 என்று போட்டுவிட்டார்களோ என்று சிலர் மெர்செனுக்காகப் பரிந்து பேசினார்கள். ஆனால் 1911-இல் 89-உம், 1914-இல் 107-உம் விடுபட்டவை என்று தெரிந்தது. 257 தவறு என்பதும் பின்னால் தெரிந்தது. சேர்த்த இரண்டு தப்பு, விட்ட மூன்று தப்பு. அச்சுக்கோப்பவர் மேல் ஐந்தையும் போட முடியாது.

இன்று

இன்றைய மாணவர்கள் நம் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் இரண்டு காரணிகளும் வந்துவிடும். ஆனால் கோல் முட்டிய சுவர் அங்கேயேதான் இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். பெருக்குவது சுலபம், பெருக்கியதை உடைப்பது கஷ்டம். 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் என்ற மூவர் இந்தக் கஷ்டத்தையே பூட்டாக்கி ஒரு ரகசியக் குறியீட்டு முறை செய்தார்கள். நான் வேலை பார்த்த வங்கித் துறை உட்படப் பல இடங்களில் அது பயன்பட்டு வருகிறது. சில நூறு இலக்கங்கள் கொண்ட பகு எண்ணை வெளிப்படையாகவே அறிவித்துவிடலாம். அதன் இரண்டு காரணிகளை நியாயமான காலத்துக்குள் கண்டுபிடிக்கும் வழி சாதாரணக் கம்ப்யூட்டர்களுக்குத் தெரியாது என்ற நம்பிக்கைதான் அதற்குக் காவல்.

உடையுமா என்று கேட்பதும், எங்கே உடையும் என்று கேட்பதும் வேறு வேறு என்று லூகாஸ் காட்டியதும் இன்றுவரை நிற்கிறது. 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலும், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் எந்த எண்ணுக்கும் பொருந்தும் விரைவான பகா எண் சோதனை ஒன்றைக் கண்டு உலகத்தின் பாராட்டைப் பெற்றார்கள். அந்தச் சோதனையும் பகா எண்ணா இல்லையா என்று சொல்லும்; காரணியைச் சொல்லாது.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சென் பகா எண்ணின் அடுக்கு 136279841. அதற்கு நான்கு கோடியே பத்து லட்சத்துக்கு மேல் இலக்கம். நம் மலரில் அச்சிட்டால் மலருக்குப் பதில் ஒரு லாரிதான் வேண்டும். அதைச் சரிபார்த்ததில் முக்கியப் பங்கு லூகாஸும் லெஹ்மரும் தந்த அந்த 4, 14, 194 முறைக்கே.

கோல் 1926-இல் காலமானார். சங்கப் பொறுப்புகளிலிருந்து ஓய்வு பெற்றபோது நண்பர்கள் திரட்டிக் கொடுத்த பணத்தை அவர் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் அவர் பெயரால் வழங்கும் கோல் பரிசு. 1954-இல் நம் நாட்டில் பிறந்த ஹரீஷ் சந்திரா அதைப் பெற்றார்.

சார் இப்போது இல்லை. அவர் எங்களுக்குக் கொடுத்த வீட்டுப்பாடத்தை, இந்த மலரைப் படிக்கும் இன்றைய மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டு முடிக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனைத் தள்ளி வைத்துவிட்டு, அகலமான தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வராவிட்டால் என்மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால், நடுவில் இருக்கும் அந்தப் பூஜ்யத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

— முன்னாள் மாணவன், பி.எஸ்ஸி. கணிதம், 1979–82